சின்னப்பா சாரின் சம்மதம்

ஜீவனஹள்ளி சின்னப்பாவுக்குச் சொந்தமாக இருந்தவை ஒரு பழைய பைக், ஒரு டெஸ்டர், இரண்டு கட்டிங் பிளேயர், பிறகு பாஞ்சாலி என்கிற மனைவி. கடைசியில் சொன்னதைச் சொந்தம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னால் பாஞ்சாலி என்ன செய்வாள் என்பது தெருவுக்கே தெரியும், ஆகவே அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். வீடு லீஸ். இப்படிப்பட்ட மனிதர் ஒரு டேட்டாபேஸுக்கு ஓனர் என்பது ஒரு வியாழக்கிழமை காலையில் தெரியவந்தது. அப்போது அவர் ஏணியில் நின்று ஏசி ஏன் ஒழுகுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்த விதத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சஞ்சாரிகா சொல்யூஷன்ஸில் வேலை பார்த்தவர்கள் உடனே நம்புவார்கள்.

சஞ்சாரிகா, தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏற்பாடு செய்து கொடுக்கிற கம்பெனி. ஒரு பஸ்கூட அதற்குச் சொந்தமில்லை. எந்த பஸ் எங்கே நிற்க வேண்டும், யார் யார் ஏற வேண்டும் என்கிற விவரம்தான் அதன் சரக்கு. ஆரம்பத்தில் லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் ஆபீஸ் இருந்தது. விவரமெல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டர் ஒரு சின்ன அறையில் இருந்தது, அறைக்குப் பூட்டு இருந்தது, பூட்டின் சாவி ஜெனரேட்டரையும் லைட்டையும் பார்த்துக்கொண்ட சின்னப்பாவின் இடுப்பில் இருந்தது. அவசரத்துக்கு உதவட்டும் என்று அறைக்கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். 'கீ – சின்னப்பா' என்று எழுதி, கீழே அவருடைய போன் நம்பர்.

பிறகு கம்பெனி வளர்ந்து ஓசூர் ரோட்டில் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனது, எலக்ட்ரீசியனாகச் சின்னப்பாவும் கூடவே போனார். விவரங்கள் கிளவுடுக்குப் போயின. எங்கோ யாரோ வைத்திருக்கும் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். அங்கே போய் யாரும் எதையும் தொடுவதில்லை. இங்கே உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதி ஓடவிட்டால், டீ குடித்து வருவதற்குள் அங்கே ஒரு டேட்டாபேஸ் எழுந்து நிற்கும். நகல் எடு என்றால் எடுக்கும், நிறுத்து என்றால் நிற்கும், அழி என்றால் ஒரே வரியில் அழிந்தும் போகும். காலி செய்வதற்கு முன் பழைய ஆபீஸிலேயே உட்கார்ந்து விவரங்களை இப்படி மேலே ஏற்றிய இன்ஜினியர், தன் புரோகிராமில் 'கீ ஓனர்' என்ற இடம் காலியாக இருப்பதைக் கவனித்தார். பூட்டி வைத்த விவரத்தைத் திறக்கும் ரகசியக் குறிக்கு யார் பொறுப்பு என்று அது கேட்டது. இன்ஜினியர் தலையைத் தூக்கி அறைக்கதவைப் பார்த்தார், 'சின்னப்பா' என்று அடித்தார், போன் நம்பரையும் அடித்தார், அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

இனி சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிங்கராஜபுரத்துத் தமிழர்களுக்குச் சபை என்றால் ஞாயிற்றுக்கிழமை சர்ச். சஞ்சாரிகாவில் அது வியாழக்கிழமை கூடும். முழுப்பெயர் 'தரவுத்தள ஆளுகை மற்றும் மாற்ற ஒப்புதல் உயர்சபை'. தலைவர் சுந்தரராமன், ஆபத்துகளைக் கவனிக்க வீணா, செலவைக் கவனிக்க ராஜேஷ்குமார். மூவரும் டேட்டாபேஸை நேரில் பார்த்ததில்லை, படத்தில் பார்த்திருக்கிறார்கள். டேட்டாபேஸை ஒரு பீப்பாய் மாதிரி வரைவது உலக வழக்கம். சபையின் சுவர் முழுக்கப் பீப்பாய்ப் படங்கள் மாட்டியிருந்ததால், இந்தக் கம்பெனி ரகசியமாக டீசல் வியாபாரமும் செய்கிறது என்று சின்னப்பா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

டேட்டாபேஸ் வேலையை உண்மையில் செய்தவள் ரூபினி. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் நின்றபடி வந்து நின்றபடி திரும்புகிற பெண். டேட்டாபேஸை உருவாக்க, நிறுத்த, நகலெடுக்க, அழிக்க என்று எல்லாவற்றுக்கும் அவள் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். அது வேலையை நிமிஷத்தில் முடித்துவிடும். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. புரோகிராமை ஓட்டுவதற்கு விண்ணப்பம், விண்ணப்பம் போடலாமா என்று கேட்க ஒரு முன்விண்ணப்பம், ஓட்டிய பிறகு ஏன் ஓட்டினாய் என்று ஒரு விளக்கம். புரோகிராமைக் காகிதத்தில் அச்செடுத்து மூன்று பிரதி கொடுக்க வேண்டும். ராஜேஷ்குமார் அதை வரிவரியாகப் படித்து, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று கருத்து எழுதுவார்.

ஒரு தடவை, 'டிலீட்' என்ற சொல் ஊழியர்களின் மனதைப் புண்படுத்துகிறது, அதற்குப் பதிலாக 'விடைகொடு' என்று எழுத வேண்டும் என்று சபை தீர்மானம் போட்டது. அந்தச் சொல் கிளவுட் கம்பெனி வைத்தது, நாம் மாற்றி எழுதினால் அதற்குப் புரியாது என்று ரூபினி சொன்னாள். சபை கிளவுட் கம்பெனிக்கு ஒரு கண்டிப்பான கடிதம் அனுப்பியது. இன்னொரு தடவை, டேட்டாபேஸில் எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கு 'மாஸ்டர்' என்று பெயர் இருப்பது அடிமைத்தனத்தை நினைவூட்டுவதாகச் சொல்லி அந்த வார்த்தையைக் கட்டடம் முழுக்கத் தடை செய்து, பதிலுக்கு 'பிரைமரி' என்று வைத்தார்கள். கேன்டீனில் டீ மாஸ்டரின் சட்டையில் 'டீ பிரைமரி' என்று அட்டை குத்தப்பட்டது. அவர் அதைத் திருப்பிக் குத்திக்கொண்டு டீ ஆற்றினார்.

செலவைக் குறைக்கிறேன் என்று ராஜேஷ்குமார் சும்மா கிடந்த சில டேட்டாபேஸ்களை நிறுத்தச் சொன்ன கதையும் உண்டு. நிறுத்தி வைத்த டேட்டாபேஸை ஒரு வாரம் கழித்துத் தானாகவே எழுப்பிவிடுவது கிளவுட் கம்பெனியின் வழக்கம். ஒரு வாரத்தில் எல்லாம் எழுந்துகொண்டன. சபை இதைக் கீழ்ப்படியாமை என்று பதிவு செய்து, அந்த டேட்டாபேஸ்களுக்கு மெமோ கொடுத்தது. பதில் வராததால் மெமோ இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தூய்மை மாதம் வந்தது. பழைய டேட்டாபேஸ்களை ஒழித்துக்கட்டிவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. பழையதில் முக்கியமானது லிங்கராஜபுரத்துக் காலத்து டேட்டாபேஸ். ரூபினியின் புரோகிராம் எதை அழிப்பதற்கு முன்பும் அதன் ஓனர் சம்மதம் சொன்னாரா என்று பார்க்கும். சம்மதம் இருந்தால்தான் அழியாமல் காக்கும் பூட்டைத் திறக்கும். சபைதான் இந்த விதியை வைத்தது. வெளிநாட்டிலிருந்து ஆடிட்டர் வந்து அதைப் பார்த்து மெச்சி ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் சஞ்சாரிகா புதுப்புது ஒப்பந்தங்கள் பிடித்தது. இந்த டேட்டாபேஸின் ஓனர் யார் என்று பார்த்தால், சின்னப்பா.

பெயரைக் கேட்டதும் சுந்தரராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெங்களூரில் சின்னப்பா என்ற பெயர் இரண்டு விதமாக வரும். ஒன்று ஜீவனஹள்ளிப் பக்கம் வரும். மற்றொன்று குடகிலிருந்து காபித் தோட்டத்தோடும் ராணுவப் பதவியோடும் வரும். டேட்டாபேஸுக்கு ஓனராக இருக்கக்கூடியவர் எந்தச் சின்னப்பா என்பதில் சபைக்கு ஒரு விநாடிகூடச் சந்தேகம் வரவில்லை. ஆரம்ப நாள் முதலீட்டாளராக இருப்பார், கர்னலாக ஓய்வு பெற்றிருப்பார் என்று வீணா சொன்னாள். அவருடைய சித்தப்பா மகனோடு கோல்ஃப் ஆடியிருப்பதாகச் சுந்தரராமனுக்கு நினைவு வந்தது.

கம்பெனி முகவரியிலேயே அவருக்கு மூன்று மெயில் போனது. பதில் இல்லை. பதில் வராத ஒவ்வொரு தடவையும் சின்னப்பா சாரின் மதிப்பு கூடியது. அவர் அநாவசியமாக வாய் திறக்கிறவர் இல்லை என்றார்கள். பிறகு மற்ற விஷயங்களிலும் அவர் பெயர் அடிபட ஆரம்பித்தது. இதைச் சின்னப்பா சார் விரும்புவாரா என்று ஒருவர் கேட்டால் மற்றவர் தன் யோசனையை மடக்கி வைத்துக்கொண்டார். கடைசியில் அவரைச் சபையின் நிரந்தர உறுப்பினராக்கி, விதிகளையோ புரோகிராமையோ மாற்றுவதற்கு அவருடைய கையெழுத்தும் கட்டாயம் வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மேஜையில் அவர் பெயர்ப்பலகையோடு ஒரு நாற்காலி போடப்பட்டது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த இடத்தில் ஒரு காபி ஆறிக்கொண்டிருந்தது. குடகுக்காரர் என்பதால் சர்க்கரை போடாத காபி.

அந்த நாற்காலியின் மேல்தான் ஏசி ஒழுகியது. சின்னப்பா சாரின் நாற்காலி நனையலாமா என்று எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார்கள். சின்னப்பா ஏணியோடு வந்தார். பெயர்ப்பலகையைப் பார்த்தார். உலகத்தில் ஒரே பெயர் பத்துப் பேருக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கோப்பையில் தூசி விழாமல் ஒரு காகிதத்தால் மூடிவிட்டு மேலே ஏறினார்.

கீழே சபை கூடியிருந்தது. மெயிலுக்குப் பதில் வராவிட்டால் போனில் அழைக்கலாம் என்று அன்று அனுமதி கிடைத்திருந்தது. ரூபினி டேட்டாபேஸோடு சேர்ந்திருந்த நம்பரை ஸ்பீக்கரில் போட்டாள். ஏணியின் உச்சியில் மணி அடித்தது. மீட்டிங் நடக்கும்போது போனை ஆஃப் செய்து வைக்க வேண்டும் என்று சுந்தரராமன் மேலே பார்த்துச் சொன்னார். சின்னப்பா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு அழைப்பைத் துண்டித்தார்.

சின்னப்பா சார் கட் பண்ணிவிட்டார் என்று ரூபினி அறிவித்தாள். பெரிய மனிதர், வேலையாக இருப்பார் என்று ராஜேஷ்குமார் மெதுவாகச் சொன்னார். மறுபடி போட்டார்கள். மறுபடி மேலே மணி அடித்தது. இந்தத் தடவை சின்னப்பா, வீட்டில் ஏதாவது அவசரமோ என்று பயந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தணிந்த குரலில் எடுத்தார்.

"அலோ, யாருங்க? நான் கொஞ்சம் வேலையா இருக்கறேன்."

குரல் ஏணியிலிருந்தும் வந்தது, மேஜையிலிருந்தும் வந்தது. சபை ஸ்பீக்கரைப் பார்த்தது, பிறகு ஏணியைப் பார்த்தது. ரூபினிக்குத்தான் முதலில் புரிந்தது. எழுந்து ஏணியருகே போனாள்.

"அண்ணா, இறங்கி வாங்க. நீங்க ஒரு டேட்டாபேஸுக்கு ஓனர்."

"நான் எதுக்கும் ஓனர் இல்லம்மா," என்றார் சின்னப்பா. "வூடே லீஸு."

பெயர்ப்பலகையை எடுக்க வீணா கையை நீட்டினாள். நிரந்தர உறுப்பினரை நீக்க நிரந்தர உறுப்பினரின் கையெழுத்து வேண்டும் என்று அவளுக்கே நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டாள். சுந்தரராமன் சமாளித்தார். ஓனர் என்பது எழுத்துப்பிழை என்று ஆடிட்டருக்குத் தெரிந்தால் சான்றிதழ் போய்விடும், ஆகவே பிழையே உண்மை என்று வைத்துக்கொண்டு காரியத்தை முடிப்போம் என்றார். இந்த மனிதரைச் சம்மதம் சொல்ல வைக்க என்ன கஷ்டம் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார். சின்னப்பாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும்.

கேன்டீனில் ரூபினி அவருக்கு விஷயத்தை விளக்கினாள். அந்தப் பழைய டேட்டாபேஸில் பொம்மசந்திராவுக்குப் போகிற முதல் ஷிஃப்ட் பஸ்கள் இன்னும் இருக்கின்றன. எல்லா ரூட்டும் புதியதுக்கு மாறிவிட்டதாகச் சபை தீர்மானம் போட்டுவிட்டது. ஆனால் ஜீவனஹள்ளி, லிங்கராஜபுரம் வழி ரூட் மாறவில்லை. ஒரு ஸ்டாப் பெயரில் உள்ள சொல் இன்னொரு ஸ்டாப் பெயரில் வரக்கூடாது என்பது சபையின் பெயர் விதி. அந்த ரூட்டில் சர்ச், சின்ன சர்ச், பழைய சர்ச், சர்ச் எதிரே, சர்ச் பின்னாடி என்று டிரைவர்கள் வைத்த பெயர்கள். சர்ச்சுகளில் சிலவற்றைப் பெயர் மாற்றிக்கொள்ளும்படி கேட்கலாமே என்று சுந்தரராமன் குறிப்பு எழுதியதோடு கோப்பு நின்றுபோனது. பழையதை அழித்தால் டிரைவரின் போனில் ரூட் வராது, ஃபேக்டரி கேட்டில் பஸ்ஸின் எண்ணுக்குப் பச்சை விளக்கு எரியாது, பஸ்ஸை உள்ளே விடமாட்டார்கள்.

சின்னப்பா டீயைக் கீழே வைத்தார். அது பாஞ்சாலி போகிற பஸ். அவள் பொம்மசந்திராவில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற ஃபேக்டரியில் பேக்கிங்கில் இருந்தாள். கூடவே தெருவிலிருந்து யசோதா, மௌரீன், இன்னும் ஒரு பஸ் நிறையப் பெண்கள். விடிவதற்கு முன்னால் ஏறுவார்கள். சிவாஜிநகர் போய், பஸ் மாறி, சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டி, மறுபடி மாறிப் போனால் ஷிஃப்டுக்கு எந்த ஜென்மத்திலும் போய்ச் சேர முடியாது. நாலைந்து நாள் தாமதமானால் வேறு ஆள் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பஸ் நின்றால் அத்தனை பேருக்கும் வேலை நின்றுவிடும்.

"இதை அவங்களாண்ட சொன்னியாம்மா?"

"ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேண்ணா. அஜெண்டாவுல இல்லன்னு திருப்பிட்டாங்க."

அடுத்த வாரம் சின்னப்பாவுக்குப் பயிற்சி தொடங்கியது. ஓனர் சம்மதம் சொல்வதற்கு முன் ஓனராக இருக்கத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று விதி. ஒரு வெள்ளைக்காரர் வீடியோவில் வந்து பொறுப்பு என்றால் என்ன என்று பேசினார். பிறகு கேள்விகள். பேரிடர் வந்தால் உங்கள் மீட்புத் திட்டம் என்ன என்ற கேள்விக்கு, மெயினை அணைத்துவிட்டு எல்லாரையும் வெளியே அனுப்புவேன் என்று சின்னப்பா எழுதினார். உங்கள் டேட்டாபேஸின் கொள்ளளவை எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, குச்சி விட்டுப் பார்ப்பேன் என்று எழுதினார். சுவரில் பீப்பாய்ப் படம் இருந்ததால் அவருக்குத் தோன்றியது அதுதான். பாஸ் என்று வந்தது. அந்தத் தேர்வில் யாரும் ஃபெயில் ஆக முடியாது என்பது அவருக்குத் தெரியாது, இரண்டு நாள் கொஞ்சம் பெருமையாகவே இருந்தார்.

நேர்மைப் பயிற்சியும் கொடுத்தார்கள். மேலதிகாரி தவறு செய்வதைக் கண்டால் தைரியமாகச் சொல்ல வேண்டும் என்று அதில் வந்தது. சின்னப்பா போய் பஸ் விஷயத்தை வீணாவிடம் தைரியமாகச் சொன்னார். பயிற்சி என்பது பயிற்சிக்காகத்தான் என்று அவள் அன்பாக எடுத்துச் சொன்னாள்.

விடைகொடுக்கும் விழா ஒரு வியாழக்கிழமை நடந்தது. பெரிய ஹாலில் ஊழியர்கள் எல்லோரும் கூடினார்கள். பீப்பாய் வடிவத்தில் கேக் செய்து வந்திருந்தது. சின்னப்பாவுக்கு ஒரு கோட்டு கொடுத்தார்கள், கைகள் நீளமாக இருந்தன. சுந்தரராமன் பேசினார். பழையன கழிதல் நம் பண்பாடு என்றார். இந்தக் கம்பெனியில் கீழ்மட்ட ஊழியரும் ஓனர், அதற்கு இதோ நம் சின்னப்பாவே சாட்சி என்றார். நம் சபையின் விதிகள் எவ்வளவு உறுதியானவை என்றால், நாமே விரும்பினாலும் எந்த வேலையும் நடக்காது என்றார். பலத்த கைதட்டல் எழுந்தது. அவர் என்ன சொன்னார் என்பதை அவர் உட்பட யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

திரையில் ரூபினியின் புரோகிராம் ஓடி, ஒரு கேள்வியோடு நின்றது. அழிக்கலாமா, ஓனரின் பதில் என்ன என்று கேட்டுவிட்டு அதன் முனை மினுக்கிக்கொண்டிருந்தது. வீணா சின்னப்பாவின் முன் கீபோர்டைத் தள்ளி, சம்மதம் என்று எந்தக் கட்டையைத் தட்ட வேண்டும் என்று காட்டினாள். போட்டோ எடுப்பவர் குனிந்தார்.

சின்னப்பா கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அவருக்குப் பயமாகவே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற கான்ட்ராக்ட் வேலை அவருடையது.

"வோணாம் சார்," என்றார்.

எது வேண்டாம் என்று சுந்தரராமன் சிரித்தபடியே கேட்டார். கேக்கா?

"அழிக்க வோணாம். பஸ்ஸு நின்னுடும்."

"பஸ் ஒண்ணும் ஆகாது சின்னப்பா. டேட்டாபேஸ்தான் போகும். பஸ் பாட்டுக்கு அங்கயேதான் நிக்கும்."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். நிக்கும்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். இப்போது மெட்ரோவே பொம்மசந்திரா வரை வந்துவிட்டதே என்று ராஜேஷ்குமார் ஒரு வழி சொன்னார். மெட்ரோ ஸ்டேஷன் கதவைத் திறக்கும் நேரத்தில் பாஞ்சாலி மெஷின் முன்னால் நின்றாக வேண்டும் என்று சின்னப்பா சொன்னார். அந்தப் பெண்கள் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கத்தான் வேண்டுமா என்று ராஜேஷ்குமார் வருத்தத்தோடு கேட்டார்.

வீணா சம்மதப் படிவத்தை எடுத்துக் காட்டினாள். அவளுக்குத் தாய்மொழி கன்னடம். தமிழில் பேசினாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் கன்னடத்து 'அல்லவா'வில்தான் முடிப்பாள். "இதுல ஆமான்னு எழுத மட்டும்தான் இடம் இருக்கு, அல்வா? வேண்டாம்னு சொல்ல இடமே இல்ல, அல்வா?" சின்னப்பாவின் காதில் அது அல்வாவாகவே விழுந்தது. ஆமாம்மா, அதைத்தான் இவ்வளவு நாளாகக் கொடுக்கிறீர்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டார்.

சுந்தரராமன் மைக்கை அணைக்க மறந்து அவர் தோளில் கை போட்டார். அதனால் அந்தப் பேச்சு ஹால் முழுக்கக் கேட்டது.

"பாருங்க சின்னப்பா, ஓனர்ஷிப்ங்கறது ஒரு ஃபீலிங். ஓனர் மாதிரி வேலை செய்யுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றோம். ஓனர் மாதிரி கவலைப்படுங்க, ஓனர் மாதிரி லேட்டா வீட்டுக்குப் போங்கன்னு சொல்றோம். யாரையாவது ஓனரா இருங்கன்னு எப்பவாவது சொல்லியிருக்கோமா?"

விழாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கேக் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. சுந்தரராமன் ரூபினி பக்கம் திரும்பினார். ஓனரைக் கேட்கிற அந்த வரியைப் புரோகிராமிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

"முடியும் சார். ஒரே வரிதான்," என்றாள் ரூபினி. "எடுக்க மாட்டேன்."

இது உத்தரவு என்றார் அவர். உத்தரவுக்குச் சபை உறுப்பினர்கள் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும், நிரந்தர உறுப்பினர் உட்பட, என்றாள் அவள். பார்வையை அவர் மேலிருந்து எடுக்கவில்லை. எல்லோரும் நிரந்தர உறுப்பினரைப் பார்த்தார்கள். அவர் கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சின்னப்பாவை வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்று கான்ட்ராக்டருக்குத் தகவல் போனது. காரணம், ஓனருக்கு ஓய்வு தேவை என்று இருந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள். டெஸ்டரையும் பிளேயரையும் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். பாஞ்சாலி ஷிஃப்ட் முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இன்னாய்யா இந்நேரத்தில் என்று கேட்டாள். சொன்னார்.

"வேல போச்சா?"

"போச்சு."

"பஸ்ஸு?"

"இருக்குது."

பாஞ்சாலி கரண்டியோடு திரும்பினாள். கண் கலங்கியது போலவும் இருந்தது, சோற்றின் ஆவியாகவும் இருக்கலாம். "அப்ப நாளையிலேர்ந்து எனக்கு நீ டிபன் கட்டு," என்றாள்.

காக்ஸ் டவுனில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலை அவருக்குச் சீக்கிரமே கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. ஆனால் வியாழக்கிழமைதோறும் சஞ்சாரிகாவிலிருந்து கார் வரும். வேலையை விட்டு நிறுத்தலாம், நிரந்தர உறுப்பினரை நிறுத்த வழி இல்லை, அவர் கையெழுத்து இல்லாமல் சபை எதையும் மாற்றவும் முடியாது. வாசலில் செக்யூரிட்டி பார்வையாளர் அட்டை மாட்டிவிடுவார். வந்த காரணம் என்ற இடத்தில் 'வோணாம் சொல்ல' என்று சின்னப்பா முதல் வாரமே எழுதினார், பிறகு செக்யூரிட்டியே அப்படி எழுதிக்கொண்டார். உள்ளே போய் உட்காருவார். காபியில் சர்க்கரை போடச் சொல்லிவிட்டார். சம்மதமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்பார், எழுதிக்கொள்வார்கள். விழாவுக்குப் பிறகு ஊழியர்கள் சிலர் வராந்தாவில் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். டீ மாஸ்டர் அட்டையை மறுபடி நேராகத் திருப்பி, பிரைமரியை அடித்து மாஸ்டர் என்று பேனாவால் எழுதிக் குத்திக்கொண்டார்.

விடியலில் பஸ் வந்துகொண்டிருந்தது. சர்ச், சின்ன சர்ச், பழைய சர்ச், சர்ச் எதிரே, சர்ச் பின்னாடி எல்லா இடத்திலும் நின்று ஏற்றிக்கொண்டு பொம்மசந்திரா போனது.

ஆடிட்டர் வரும் நாள் நெருங்கியது. அழித்துவிடுவது என்று தீர்மானம் போட்ட டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறது, அழிக்கவும் முடியவில்லை. ஒரு வியாழக்கிழமை சுந்தரராமன் மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சின்னப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் முகம் நிஜமாகவே களைத்திருந்தது. பழைய வேலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொன்னார். பாஞ்சாலிக்குக்கூட ஆபீஸ் பக்கத்திலேயே ஏதாவது பார்க்கலாம் என்றார். மற்றப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று சின்னப்பா கேட்டதற்கு, அவர்களைப் பற்றிப் பிறகு ஒரு குழு போட்டு ஆராயலாம் என்றார். சின்னப்பா காபியைக் கலக்கினார்.

"உங்களுக்கு என்னதான் வேணும் சின்னப்பா? மனசு விட்டுச் சொல்லுங்க."

"நாளைக்கும் அந்த பஸ் வரணும் சார்."

சுந்தரராமன் இத்தனை வருஷமாக எல்லோருக்கும் சொல்லிப் பழகியதையே, கையை விரித்து, அவருக்கும் சொன்னார்.

"அது எங்க கையில இல்லியே."

"தெரியும் சார்," என்றார் சின்னப்பா. "என் கையிலதான் இருக்குது."